ஆயாவின் முட்டிக் காய்ப்பு

என் ஆயாவின் இரண்டு முட்டியிலும் காய்ப்பு இருந்தது. தடித்து, கறுத்து, கிள்ளினாலும் வலி தெரியாத தோல். சின்ன வயதில் அவள் மடியில் படுத்துக்கொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கழனியில் உழைத்து உழைத்து வந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. நாற்று நடுகிறவள் குனிகிறாள், களையெடுக்கிறவள் குந்துகிறாள், மல்லாட்டை ஆய்கிறவள் காலை நீட்டி உட்காருகிறாள். முட்டி தரையில் பதிகிற வேலை எங்கள் பக்கத்து விவசாயத்தில் இல்லை. அந்தக் காய்ப்பு வேதக்கோயிலில் வந்தது.

எருசலேம் சபையின் தலைவராக இருந்த யாக்கோபுக்கு, மக்களுக்காக மன்றாடி மன்றாடி முட்டி ஒட்டகத்தின் முட்டிபோல் காய்த்துப்போயிருந்ததாம். நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு பதிந்து வைத்திருக்கும் செய்தி இது. அதைப் படித்த அன்று ஆயா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிற சாலையில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. அதைச் சுற்றிய கிராமங்களில் ஒன்று எங்களுடையது. மேற்கே பார்த்தால் அண்ணாமலை. கார்த்திகை தீபம் ஏற்றினால் எங்கள் வாசலிலிருந்தே தெரியும். ஆயா அந்த ஒளியைப் பார்த்தும் கையெடுப்பாள். தவக்காலத்தின் முதல் நாளை, நெற்றியில் சாம்பல் பூசும் அந்தப் புதன்கிழமையை, அவள் விபூதிப் புதன் என்றுதான் சொன்னாள். அந்தப் பெயரில் அவளுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. மனிதன் மண், மண்ணுக்குத் திரும்புகிறவன் என்று அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்று எங்கள் ஊர்க் கோயில் ஓட்டுக் கட்டடம். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பொழுது சாய்ந்ததும் மணி அடிப்பார். கழனியிலிருந்து வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு அப்படியே போய் முட்டி போடுவார்கள். ஆயாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். கடவுள் என்று சொல்லமாட்டாள், சர்வேசுரன் என்பாள். பரிசுத்த ஆவி அவளுக்கு இஸ்பிரீத்துசாந்து. தலையான பாவம் ஏழையும் விரல் மடக்கி எண்ணுவாள். முதல் விரல் ஆங்காரம். அதற்கு எதிரான புண்ணியத்தையும் உடனே சொல்லுவாள்: தாழ்ச்சி.

தாழ்ச்சி. இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சீர்திருத்த சபையார் இதையே தாழ்மை என்பார்கள். எந்த வடிவில் சொன்னாலும் வேர் 'தாழ்'. அந்த வேரிலிருந்து முளைத்த இன்னொரு சொல் எங்கள் சாதிச் சான்றிதழ் வரைக்கும் வந்தது: தாழ்த்தப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை நடத்தினார். தாழ்ந்தான் என்றால் தானே செய்தது. தாழ்த்தினான் என்றால் இன்னொருவனைச் செய்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது இலக்கணப் பாடம். எனக்கு ஆயாவின் வாழ்க்கை. பகல் முழுக்க அவளைத் தாழ்த்தினார்கள். சாயங்காலம் அவளாகத் தாழ்ந்தாள்.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. காலம் காலமாகக் குனிந்தே பழகியவனுக்குப் பணிவைப் போதிக்கிற மதம் அவனை இன்னும் கொஞ்சம் குனிய வைக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். என் இருபது வயதில் நானும் அப்படித்தான் பேசினேன், ஆயாவின் முகத்துக்கு நேராகவே. இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம் அந்தக் காய்ப்புதான். ஆண்டை வீட்டு வாசலில் அவள் நின்ற கோலம் எனக்கு நினைவிருக்கிறது. இடுப்பிலிருந்து வளைந்து, தலை கவிழ்ந்து, குரல் உள்ளே போய். கோயிலில் முட்டி போட்ட கோலமும் நினைவிருக்கிறது. முட்டி போட்டுப் பாருங்கள், தெரியும். குனிந்துகொண்டு முட்டி போட முடியாது, முன்னால் விழுந்துவிடுவோம். முட்டி தரையில் ஊன்றினால் முதுகு தானாக நிமிரும். நாள் முழுக்க வளைந்திருந்த அவள் முதுகு நிமிர்ந்தது ஆண்டவருக்கு முன்னால் மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கு வேதம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எங்கள் ஆட்களே கூச்சப்படுவார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் துடைத்துப் போட்ட பஞ்சம். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த காலம் அது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அதுதான். அந்தக் காலத்தில் சேத்துப்பட்டை மையமாக வைத்து வடார்க்காட்டுக் கிராமங்களில் வேலை செய்தவர் பிரெஞ்சுக் குருவான தர்ராஸ் சாமியார். பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்தவர். பஞ்சத்திலும் அதை ஒட்டிய வருடங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் அவர் தொடங்கிய பணியின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. ஆயாவின் பாட்டன் அந்த அலையில் வந்தவர்.

கஞ்சிக்கு வேதத்துக்குப் போனவன் என்று ஊரில் சொல்வார்கள். சண்டை வந்தால் முதலில் விழுகிற கல் இதுதான். என் அப்பா அதைக் கேட்டால் முகம் சுருங்குவார். 'எங்க தாத்தன் மனசு மாறித்தான் வந்தாரு' என்று வாதாடுவார். ஆயா வாதாடியதே இல்லை. 'ஆமா, கஞ்சிக்குத்தான் வந்தோம். சாவறவனுக்குக் கஞ்சி ஊத்துனது யாரு, சர்வேசுரன்தான?' என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கிறிஸ்தவ வேதத்தின் நடுக்கருத்தை ஆயா அந்த ஒரு பதிலில் சொல்லிவிட்டாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கிருபை என்பது சம்பாதித்து வாங்குவதல்ல. தகுதி பார்த்து அளந்து கொடுப்பதுமல்ல. கையில் ஒன்றும் இல்லாதவன் ஏந்துவது. வெறுங்கையோடு வந்தவர்களின் பிள்ளைகள் என்பது எங்களுக்கு வசையாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1897இல் இருபத்து நான்கு வயதில் காசநோயில் இறந்த லிசியே நகரத்துத் தெரசா, கடவுள் முன்னால் வெறுங்கையோடு நிற்பதையே தன் ஆசையாக எழுதி வைத்தாள். அவளை 1927இல் மறைபணி நாடுகளின் பாதுகாவலி என்றும், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்றும் அறிவித்தார்கள். அவள் மடத்திலிருந்துகொண்டே கடிதம் எழுதித் தேற்றிய குருக்களில் ஒருவர், தர்ராஸ் சாமியாரை அனுப்பிய அதே பாரிஸ் சபையைச் சேர்ந்தவர். எங்கள் ஊர்ப் பெண்களில் எத்தனை சிறுமலர்கள், எத்தனை தெரசாக்கள்! அந்தப் பெயரை வைத்தவர்கள் அவள் எழுதியதைப் படித்திருக்கமாட்டார்கள். படிக்கவும் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த என் சிநேகிதன் ஒருவன் லுத்தரன். கிருபையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் மார்ட்டின் லூதரின் கடைசிக் காகிதத்தைச் சொல்வான். 1546இல் லூதர் இறந்தபோது அவரிடமிருந்த ஒரு துண்டுச்சீட்டில், நாம் எல்லாரும் பிச்சைக்காரர்கள் என்ற பொருளில் எழுதியிருந்ததாம். ஐரோப்பாவையே உலுக்கிய ஆள், மூட்டை மூட்டையாகப் புத்தகம் எழுதிய ஆள், கடைசியில் வந்து நின்ற இடம் கஞ்சித்தொட்டி வரிசை. ஆயா அங்கேதான் பிறந்தாள்.

இவ்வளவு சொன்னபிறகு அன்றைய காலத்தின் இருட்டையும் சொல்லியாக வேண்டும். ஆயாவின் முட்டியைக் கொண்டாடுகிற சாக்கில் அவள் முட்டிபோட்ட இடம் எது என்பதை மறைக்கக் கூடாது. கலப்புச் சாதிப் பங்குகளில் எங்கள் ஆட்களுக்குக் கடைசியில்தான் இடம். கல்லறையும் தனி. புதுச்சேரியிலேயே, இந்த மறைபணிக்கெல்லாம் தாய்வீடான ஊரிலேயே, கோயிலுக்குள் சாதிச்சுவர் இருந்ததையும் 1745இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவர் போனது, கோடு போகவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் சமமான இடம் கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் போராட்டம் மோதலாகி, துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. சுட்டவர் போலீஸ், செத்தவர்களும் கத்தோலிக்கர், சண்டைக்குக் காரணம் கோயிலுக்குள் யார் எங்கே என்பது. இந்திய ஆயர் பேரவை திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது 2016 டிசம்பரில்.

அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வேறொன்று வந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆயா முட்டி போட்டுத் தன் சின்னச் சின்னப் பாவங்களை, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டதை, பசியில் கொல்லையிலிருந்து ரெண்டு சோளக்கதிர் ஒடித்ததை, அறுபது வருடம் ஒப்புக்கொண்டாள். அவளைப் பின்னால் நிறுத்திய பாவத்தை ஒப்புக்கொள்ளத் திருச்சபைக்கு இவ்வளவு நாள் பிடித்தது. தாழ்ச்சி முதலில் யாருக்குப் போதிக்கப்பட வேண்டும் என்பதில் வரிசை மாறிப்போயிருந்தது.

சாமியாருக்கு முன்னால் முட்டி போட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாமியார் ஊருக்குள் வந்தால் 'தோத்திரம் சாமி' என்று தெருவிலேயே முழந்தாளிடுவார்கள். அந்த முட்டியை நான் தேடவில்லை. அது போனது நல்லது. இன்றைக்குப் பங்குத்தந்தை பைக்கில் வருகிறார்; 'வணக்கம் ஃபாதர்' என்கிறோம்; அவரும் இறங்கி வணக்கம் சொல்கிறார். அவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனபோது, தலித் சமூகத்திலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் மனிதர் அவர் என்ற செய்தியை எங்கள் கோயிலில் வாசித்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மாற்றம் முதலில் வந்தது மொழியில். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுக்குத் தாய்மொழியின் கதவைத் திறந்தது. அடுத்த சில வருடங்களில் லத்தீன் பூசை தமிழ்ப் பூசையாகி, பூசை திருப்பலியாகி, சர்வேசுரன் கடவுளாகி, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆனது. ஒப்புரவு வள்ளுவர் அதிகாரத் தலைப்பில் இருக்கும் சொல், அழகான சொல். கிருபை இருந்த இடங்களில் பெரும்பாலும் இரக்கம் வந்தது. ஆயா மட்டும் கடைசிவரை கிருபை தயாபத்து மந்திரத்தைப் பழைய சொல்லிலேயே சொன்னாள். கிருபை என்பதில் மேலிருந்து இறங்குகிற ஒன்று இருக்கிறது. இரக்கம் என்பதில் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒன்று இருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

சொல் மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. லூக்கா நற்செய்தியில் இரண்டு பேர் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போகிற உவமை. ஒருவன் தான் செய்த நல்லதையெல்லாம் கணக்குச் சொல்கிறான். இன்னொருவன் தூரத்தில் நின்று, கண்ணைக்கூட ஏறெடுக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். ஆண்டவரிடம் ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் இரண்டாமவன். பழைய மொழிபெயர்ப்பில் அவன் 'ஆயக்காரன்'. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவர் 'வரிதண்டுபவர்'. ஊரே காறித் துப்பிய ஆளுக்கு இரண்டாயிரம் வருடம் கழித்துத் தமிழில் ஓர் 'அர்' விகுதி கிடைத்தது. எங்களை வா போ என்று கூப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாங்க என்று கூப்பிடுகிறார்கள், பெரும்பாலும். அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படும்.

உடம்பின் மொழியும் மாறியது. அதில் ஒரு விசித்திரம் நடந்தது. 1969 ஏப்ரலில் இந்திய வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு அம்சங்களுக்கு ரோமாபுரி அனுமதி தந்தது. செருப்பைக் கழற்றலாம், தரையில் உட்காரலாம், ஒற்றை முட்டி மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்கலாம், பஞ்சாங்க வணக்கம் செய்யலாம். இதன் பின்னால் உழைத்தவர்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கல்லேரியில் பிறந்த அண்ணன் தம்பிகள். அண்ணன் சைமன் லூர்துசாமி, அப்போது பெங்களூர்ப் பேராயர், பிறகு கர்தினால். தம்பி அமலோற்பவதாஸ், பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைக் கட்டி எழுப்பியவர். எங்கள் பக்கத்து மண்ணின் பிள்ளைகள் உலகத் திருச்சபைக்கு இந்தியப் பணிவைக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் எங்கள் ஊர் அந்த நேரத்தில் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியை. தரையில் உட்காருவது தியானத்துக்கு உகந்தது என்று படித்தவர்கள் சொன்னார்கள். தரையைத் தவிர வேறு எதிலும் உட்கார விடப்படாதவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? செருப்பைக் கழற்றுவது பக்தி. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு அது வேறு ஞாபகம். ஒரே செயல் ஒருவனுக்குத் தன்வினை, இன்னொருவனுக்குப் பிறவினை. எங்கள் கோயிலுக்கு முதன்முதலில் நாற்காலி வந்தபோது வந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. என் அப்பா அதில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்தார்.

இப்போது ஓடு போய் கான்கிரீட் வந்துவிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெண்பிள்ளைகள் நர்ஸாக, ஆசிரியையாக இருக்கிறார்கள். மல்லாட்டைக் கொல்லைகள் பாதி மனையாகிவிட்டன. வீட்டுச் சுவரில் அன்று இருந்தது திரு இருதயப் படம். அதன் பக்கத்தில் இப்போது இரக்கத்தின் ஆண்டவர், நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கதிர் இறங்குகிற படம். போலந்து நாட்டில் சமையல்கட்டிலும் தோட்டத்திலும் வாசற்கதவிலும் வேலை செய்த ஃபவுஸ்தினா என்ற கன்னியாஸ்திரி 1931இல் கண்ட காட்சி அது. அந்தப் பக்தியை 1959இல் ரோமாபுரி தடுத்து வைத்தது. 1978இல் தடை நீங்கியது. 2000ஆம் ஆண்டில் அவளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு ஆனது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒரு பெண் அந்தத் தடை வருவதற்கு வெகுமுன்பே இறந்துபோயிருக்க, அவள் சொன்னது மட்டும் தானாக எழுந்து உலகம் சுற்றியது. எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்குப் பல வீட்டுக் கைப்பேசிகள் இறை இரக்கச் செபமாலையை ஓதுகின்றன. அடுப்பில் குழம்பு கொதிக்க, ஒரு கை கரண்டியோடு, வாய் பதில் சொல்லும். ஆயாவாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு முட்டி போட்டிருப்பாள். இருந்தாலும் இதைக் குறைவாக மதிக்க எனக்கு மனசில்லை. இரக்கம் குழம்பு கொதிக்கிற இடத்துக்கு வராமல் வேறு எங்கே வரும்?

எனக்குக் கவலை தருவது வேறு. இன்று கேட்கும் சில செபங்களில் கை ஏந்துவது இல்லை. 'தந்தே ஆக வேண்டும்' என்று அதட்டுகிற குரல் இருக்கிறது. வீடு, வேலை, விசா, மாப்பிள்ளை என்று பட்டியலிட்டு, கிடைத்தால் விசுவாசத்தின் பலன், கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைச்சல் என்று கணக்கு முடிக்கிற பேச்சு. ஏழை கேட்பதில் தவறில்லை. ஆயாவும் மழை கேட்டாள், பேரனுக்குக் காய்ச்சல் இறங்கக் கேட்டாள். அவள் கேட்டதில் கடனைத் திருப்பிக் கேட்கும் தொனி இருக்காது. மழை வராத வருடமும் அதே இடத்தில் அதே முட்டியைப் போட்டாள். அந்த உவமையில் கணக்குச் சொன்ன மனிதன் கெட்டவன் அல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நோன்பு இருந்தான், காணிக்கை கொடுத்தான், எல்லாம் உண்மை. கையில் கொஞ்சம் சேர்ந்தவனுக்குத்தான் அந்த ஆபத்து. ஆயாவின் தலைமுறைக்குச் சொல்லிக்காட்ட ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது.

இருந்ததால்தான் நானும் நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். பத்து நாற்காலி, ஆயாவின் நினைவாக. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் அவள் பெயரும் அதன் கீழே உபயம் என்று என் பெயரும். அவள் உட்கார முடியாதுபோன உயரத்தில் அவள் பெயராவது உட்காரட்டும் என்று நினைத்தேன். மனதாரச் செய்ததுதான்.

2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஒரு சட்டத்தை மாற்றினார். பெரிய வியாழனன்று பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்களை மட்டுமே உட்கார வைப்பது வழக்கம். இனிப் பெண்களும் உட்காரலாம் என்றார். அவரே 2013இல், போப் ஆன சில நாட்களில், ரோமாபுரியில் இளம் குற்றவாளிகளை அடைத்து வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பெண்பிள்ளைகளின் காலையும் கழுவியவர். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது தான் ஒரு பாவி என்று தொடங்கியவர். 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது கல்லறையில் லத்தீனில் அவர் பெயர் மட்டும் போதும் என்று எழுதி வைத்திருந்தார்.

எங்கள் கோயிலில் முதல்முறையாகப் பெண்களை உட்கார வைத்த பெரிய வியாழன் எனக்கு மறக்காது. கோயிலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் கிழவி ஒருத்தி இருந்தாள். ஆயாவைவிடப் பல வயது இளையவள், அவளுக்குச் சிநேகிதி மாதிரி. அவளையும் ஆறு பெண்களில் ஒருத்தியாக உட்கார வைத்தார்கள். பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் முட்டி போட்டதும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பித்தவெடிப்புக் கால், சேற்றில் ஊறிய கால். 'வேணாம் சாமி, என் காலத் தொடாத சாமி' என்று அழுதாள். பேதுருவும் அப்படித்தான் காலைக் கழுவ வேண்டாம் என்று மறுத்தார் என்று வேதத்தில் இருக்கிறது. பங்குத்தந்தை காத்திருந்தார். முட்டி போட்டபடியே, ஒன்றும் சொல்லாமல், கையில் சொம்போடு காத்திருந்தார். கோயிலே அமைதியாயிற்று. கடைசியில் ஒரு காலை மெல்ல நீட்டினாள். பிறகு மற்றதை. வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் தாழ்ந்தே நின்றவளுக்கு அதுவரை யாரும் தாழ்ந்ததில்லை. வாங்கிக்கொள்வதற்கும் ஒரு தாழ்ச்சி வேண்டும் என்று நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

2025 அக்டோபர் 26, ஞாயிறு. அன்றைய நற்செய்தி அதே பரிசேயர், வரிதண்டுபவர் உவமை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் வாசகம். முதல் வாசகம் வாசிக்க என் தம்பி மகள் போனாள். முதுகலை படித்தவள். நிமிர்ந்து நடந்தாள், கோயிலின் நடுவழியே, பின்னாலிருந்து பீடம் வரைக்கும், யாருக்கும் ஒதுங்காமல். அந்த நடையைப் பார்க்க ஆயா இல்லையே என்று இருந்தது. நற்செய்தியில் தூரத்தில் நின்றவரைப் பற்றி வாசித்தபோது நான் திரும்பிப் பார்த்தேன்.

வாசற்படிக்குப் பக்கத்தில், தரையில், அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசைகளில் நாலைந்து நாற்காலி காலியாக இருந்தது. ஆயா பெயர் எழுதிய ஒன்றும் அதில். எனக்கு நெஞ்சு அடைத்தது. பழைய பழக்கம் இன்னும் இவளைப் பின்னாலேயே பிடித்து வைத்திருக்கிறதே, யாரோ தாழ்த்தியது இன்னும் இவள் முதுகில் இருக்கிறதே என்று. பூசை முடிந்ததும் அவளிடம் போய்க் குந்தினேன்.

'ஏன் பெரிம்மா இங்கயே குந்திக்கினு? முன்னால நாற்காலி இருக்குதே, ஆயா பேர் போட்டது. அதுல வந்து உக்காரலாம் இல்ல?'

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

'அங்க நாற்காலி நாற்காலியா நெருக்கிப் போட்டு வச்சிருக்கீங்க. இங்கதான் தம்பி முட்டி போட எடம் கீது.'